கோத்தகிரியில் இரண்டு நாள்

பொள்ளாச்சி

அன்புள்ள முகிலனுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை என்று கேள்விப்பட்டு நிம்மதி. யாழினி பள்ளிக்கூடம் போக அழுவதை நிறுத்திவிட்டாளாம், அதுவும் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி நீலகிரிக்குப் போய் ஞாயிறு இரவே திரும்புவதாக எழுதியிருந்தாய். கூடவே ஒரு பட்டியலும் அனுப்பியிருக்கிறாய். ஊட்டி ஏரி, தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, பைக்காரா, குன்னூர் சிம்ஸ் பூங்கா, டால்பின் மூக்கு, கோடநாடு. விட்டுப்போன இடம் ஏதாவது இருந்தால் சேர்க்கச் சொல்லியிருக்கிறாய். சேர்க்க ஒன்றும் இல்லை, கண்ணு. எடுக்கத்தான் இருக்கிறது.

பைக்காரா ஊட்டியைத் தாண்டி மேற்கே. கோடநாடு கோத்தகிரியைத் தாண்டி கிழக்கே. மலைச் சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. விடுமுறை நாளில் அதுவும் ஓடாது. நீ எழுதிய ஏழு இடத்தையும் பார்க்க வேண்டுமானால் இரண்டு பகலும் வண்டிக்குள்ளேயே போய்விடும். மாதக்கணக்கில் நீ நடுராத்திரி தாண்டித்தான் படுக்கிறாய், ஞாயிற்றுக்கிழமையும் லேப்டாப்பை மூடுவதில்லை என்று உன் அம்மா வருத்தப்படுகிறாள். அப்படி உழைக்கிறவன் மலைக்குப் போவது உடம்பும் மனசும் ஓயட்டும் என்றுதானே? அப்படியானால் திட்டத்தை மறுமுனையிலிருந்து போடு. தூங்க எவ்வளவு நேரம், சும்மா உட்கார எவ்வளவு நேரம், நான்கு பேரும் சேர்ந்து நடக்க எவ்வளவு நேரம் என்று முதலில் ஒதுக்கிவிடு. மிச்சத்தில் எதைப் பார்ப்பது என்று அப்புறம் யோசி. ஒரு நாளைக்கு ஓர் இடம், அதற்குமேல் வேண்டாம். நான் கீழே எழுதுவது எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் ஊர். ஊட்டியை விட்டுவிட்டுக் கோத்தகிரியில் தங்கு. நான் பல வருடம் வேலை பார்த்த ஊர் என்பதால் மட்டும் சொல்லவில்லை. அம்மா, தேன்மொழி, யாழினி, நீ என்று உங்கள் நாலு பேருக்கும் பொருந்துகிற ஊர் அதுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோத்தகிரி ஏறத்தாழ 1,800. அந்த வித்தியாசத்தில் குளிர் மட்டுப்படும். உன் அம்மாவின் மூட்டுக்கும் குழந்தையின் மார்புக்கும் அது நல்லது. படகு வீடு, பெரிய பூங்கா, நீண்ட கடை வீதி என்று கூட்டத்தை இழுக்கிற எதுவும் அங்கே கிடையாது. இருப்பது ஒரு பேருந்து நிலையம், அதைச் சுற்றிக் கொஞ்சம் கடைகள், பேக்கரிகள், ஒரு சின்ன நேரு பூங்கா. அதைத் தாண்டினால் தேயிலையும் சோலைக்காடும் படுகர்களின் ஊர்களான ஹட்டிகளும்தான். பத்து நிமிஷம் நடந்தால் ஊர்ச் சத்தம் பின்னால் போய்விடும்.

அடுத்தது மாதம். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். கோடை விழா சமயத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகிற வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாக விடுவார்கள். ஊட்டிக்கு வந்த கூட்டம் முழுக்க கோத்தகிரியின் சின்னக் கடைவீதிக்குள் நுழைந்துதான் இறங்கும். மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் நடக்கும். அந்த வாரம் அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை வருகிற வாரங்களையும் கிறிஸ்துமஸ், புத்தாண்டையும் தவிர்த்துவிடு.

ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், வெயில் இதமாக இருக்கும். இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது, ஜூலை, ஆகஸ்ட். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் மேற்கிலேயே தடுத்துவிடுவதால், கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கிற நாளிலும் கோத்தகிரியில் தூறலும் மேகமுமாகவே இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை வேறு கதை. வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் நேராக இறங்கும். 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மாதங்களில் முன்பதிவு செய்திருந்தாலும், கனமழை எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் ரத்து செய். கட்டின பணம் போனால் போகட்டும்.

போகிற வழி. சென்னையிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போகும் யோசனையை விட்டுவிடு. ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஓட்டிவிட்டுக் காலையில் மலை ஏறுவது ஆபத்து, அதன்பிறகு சனிக்கிழமை முழுவதும் நீ படுத்துத்தான் கிடப்பாய். நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் ஏறினால் காலை ஆறே காலுக்கு மேட்டுப்பாளையம். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும். வெள்ளிக்கிழமை ரயில் என்பதால் திறந்த அன்றே போடு. அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கு.

ஸ்டேஷனில் இறங்கியதும் மலை ரயிலைப் பார்த்து யாழினி கேட்பாள். அது குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறது, கோத்தகிரிக்கு வராது. 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறுகிற அந்த ரயிலை அவளுக்குக் கட்டாயம் காட்டத்தான் வேண்டும், ஆனால் இந்தப் பயணத்தில் வேண்டாம். அவள் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் அதற்கென்றே ஒரு முறை போங்கள்.

மேட்டுப்பாளையத்தில் பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கோத்தகிரிக்கு அரசுப் பேருந்து அடிக்கடி உண்டு. 33 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் போல ஆகும். அம்மாவுக்காக டாக்ஸி எடுப்பாயானால் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் விஷயத்தை முன்னதாகவே பார்த்துக்கொள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்ச வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்கும் வேண்டாம். அதனால் கோத்தகிரியிலிருந்தே ஒரு டாக்ஸியைக் கீழே வரச் சொல்வது எளிது. அந்த ஊர் டிரைவருக்கு அந்தச் சாலை அத்துப்படி.

டிரைவரிடம் நீ கவனிக்க வேண்டியது ஒன்று. ஏறுகிற கியரிலேயே இறங்குகிறவரா என்று பார். நல்ல மலை டிரைவர் இரண்டாவது கியரில் எஞ்சின் பிடித்திருக்க இறங்குவார், பிரேக்கை எப்போதாவதுதான் தொடுவார். பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவில் ஏறுகிற வண்டிக்கு நின்று வழிவிடுகிறவரா என்பதையும் பார். அவசரக்காரராகத் தெரிந்தால், மெதுவாகப் போகலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். தயங்காதே. அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடும், இரவு தங்குவதாக இருந்தால் படுக்க நல்ல இடமும் உண்டா என்று நீயே கேட்டு உறுதி செய். தூங்காத டிரைவரின் கையில் குடும்பத்தை ஒப்படைக்கக் கூடாது.

குழந்தைக்கு வளைவில் குமட்டும். வெறும் வயிற்றோடு ஏற்றாதே, வயிறு நிறையவும் ஏற்றாதே. ஒரு இட்லி போதும். முன்பக்க ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல். போனைக் கையில் கொடுக்காதே. உயரம் ஏற ஏறக் காது அடைக்கும். ஒரு மிட்டாயைச் சப்பக் கொடுத்தால் விழுங்கும்போது திறந்துகொள்ளும். அம்மாவுக்குக் கொஞ்சம் இஞ்சி மரப்பா போதும்.

மலை அடிவாரம் விட்டு ஏறியதும் குஞ்சப்பனை சோதனைச் சாவடி வரும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில், கேரி பேக் எதுவும் நீலகிரிக்குள் கொண்டு போகக் கூடாது. எவர்சில்வர் பாட்டிலும் துணிப் பையும் எடுத்துக்கொள். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மலைமேல் வீசிய ஒவ்வொரு உறையும் ஏதாவது ஓடையில் சிக்கி, ஏதாவது மானின் வயிற்றுக்குள் போகிறது.

தங்குமிடம். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. தொலைபேசியில் பேசு. கேட்க வேண்டியது நான்கு. வாசல் வரை வண்டி வருமா, எத்தனை படி ஏற வேண்டும்? மலையில் ஐம்பது படி என்பது சர்வசாதாரணம், உன் அம்மாவால் முடியாது. வெந்நீர் எந்த நேரம் கிடைக்கும்? ஆளுக்கு இரண்டு கம்பளி உண்டா? காலை எட்டரை மணிக்கு அறைக்குள் விடுவார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். பல இடங்களில் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள். ராத்திரி ரயிலில் வந்த நாலு பேர் பெட்டியோடு திண்ணையில் காத்திருந்தால் ஓய்வு அங்கேயே கெட்டுவிடும். அரை நாள் வாடகை கூடக் கேட்டாலும் கொடுத்துவிடு.

சமைத்துத் தருகிற வீடாகக் கிடைத்தால் அதையே எடு. அங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சோறும் பருப்பும் வேகச் சமவெளியைவிட நேரமாகும். அதனால் மத்தியானம் என்ன வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும், பசி வந்த பிறகு சொன்னால் நடக்காது. கோடையில் தண்ணீருக்காக அந்த ஊர்க்காரர்களே குடத்தோடு நிற்கிற மாதங்கள் உண்டு. வாளித் தண்ணீரில் குளிக்க யாழினியைப் பழக்கு.

இனி சனிக்கிழமை. அறைக்குப் போனதும் குளித்து, டிபன் சாப்பிட்டு, எல்லோரும் தூங்குங்கள். மலைக்கு வந்து பகலில் தூங்குவதா என்று உனக்குக் குறுகுறுக்கும். உன் உடம்புக்கு அந்த ஊர் முதலில் கொடுக்கக்கூடியது அந்தத் தூக்கம்தான். மேட்டுப்பாளையத்தைவிட ஒன்பது பத்து டிகிரி குறைவாக இருக்கும். மின்விசிறி வேண்டாம், ஏசி வேண்டாம், ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்துக் கம்பளியை இழுத்துப் போர்த்தினால் நீயாகத் தேடாமலே தூக்கம் வரும். எழுப்பாதே என்று தேன்மொழியிடம் சொல்லிவிட்டுப் படு. அவளுக்கும் அதே சலுகை உண்டு, மறக்காதே. வீட்டிலும் அலுவலகத்திலுமாக அவள் உன்னைவிடக் குறைவாகத் தூங்குகிறாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கன்னேரிமுக்குக்குப் போங்கள். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி வந்து முதலில் தங்கியது ஊட்டியில் இல்லை, கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டிப் பக்கம். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களாவை இப்போது நினைவகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே பழைய படங்கள், மலையின் பூர்வகுடிகளைப் பற்றிய செய்திகள் எல்லாம் உண்டு. ஒரு மணி நேரம் தாராளம். யாழினிக்கு ஒன்று சொல். வெள்ளைக்காரர் வந்துதான் மலை உண்டானது என்று அவள் நினைத்துவிடக் கூடாது. அவர் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கோத்தர், தோடர், படுகர், இருளர், குறும்பர் எல்லோரும் அங்கே வாழ்ந்தார்கள். இரும்படிப்பது, பானை வனைவது, தச்சு வேலை, விழாவுக்கு இசை வாசிப்பது என்று மலைக்கே வேண்டியதைச் செய்து கொடுத்தவர்கள் கோத்தர்கள். நீலகிரியில் அவர்களுக்கு ஏழே ஏழு ஊர்கள்.

திரும்பும்போது தேயிலைத் தோட்டத்து வழியாக நடங்கள். நாலு மணி வாக்கில் சாலை ஓரம் எங்காவது எடை போடுவார்கள். அதை நின்று பார். காலையிலிருந்து பறித்த பச்சைத் தேயிலையைச் சாக்கில் அமுக்காமல் தளர்வாகக் கட்டிக் கொண்டுவருவார்கள். அமுக்கினால் உள்ளே சூடேறி இலை கருகும். கொக்கியில் மாட்டித் தூக்கும்போது ஆளுக்கு ஆள் முள்ளைப் பார்ப்பார்கள். ஒருவர் சாக்குக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து விரித்துப் பார்ப்பார். இரண்டு இலையும் ஒரு குருத்துமாக இருந்தால் சரி, முற்றின இலையும் காம்பும் கலந்திருந்தால் கழிவு போடுவார்கள். கையால் கிள்ளுவது குறைந்து, பெட்டி பொருத்திய கத்தரியால் வெட்டுவதுதான் இப்போது அதிகம். ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயிகள் கிலோவுக்குக் கட்டுப்படியான விலை கேட்டுப் பல காலமாகப் போராடி வருகிறார்கள். நீ பச்சைப் பசேல் என்று படம் எடுக்கிற சரிவு ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் அடுப்பு. அதை யாழினிக்குச் சொல்லிக் கொடு. செடி வரிசைக்குள் இறங்கிக் குருத்தைப் பிய்க்க விடாதே. அவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டாதே, கேட்டுவிட்டு எடு.

ஆறரை மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதே. கோத்தகிரியில் கரடி ஊருக்குள் வருவது அபூர்வம் இல்லை. இருட்டினதும் தேயிலைக் காட்டிலிருந்து இறங்கி, பழமும் எண்ணெயும் மணக்கிற இடத்துக்கு வரும். குட்டியோடு இருந்தால் கிட்டத்தில் பார்த்த ஆளைத் தாக்கிவிடும். மீந்த சாப்பாட்டை வாசலில் வைக்காதே. காட்டெருமை பகலிலேயே செடிகளுக்கு நடுவில் நிற்கும், சிலை மாதிரி அசையாமல் பார்க்கும். சாது என்று நினைத்துக் கிட்டே போகாதே. வந்த வழியே மெல்லத் திரும்பு. குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கிற ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாலைக்கே யானை வரும். இரவுப் பயணம் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். அவை இருக்கிற இடத்துக்கு நாம்தான் போயிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டில் ஒன்று. கோடநாடு, இல்லாவிட்டால் லாங்வுட் சோலை. எது என்பதைச் சனிக்கிழமையே முடிவு செய்யாதே. காலை எழுந்ததும் வானத்தைப் பார்த்து முடிவு செய்.

வானம் தெளிந்திருந்தால் கோடநாடு. பதினெட்டு கிலோமீட்டர் போல இருக்கும். எட்டு மணிக்குள் அங்கே நின்றுவிடு. காட்சி முனை வரை வண்டி போகும், அம்மாவுக்குச் சிரமம் இல்லை. அங்கே மலை சட்டென்று முடிந்துவிடும். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, அதன் நடுவில் வயலும் வீடுமாகத் தெங்குமரஹாடா. எதிரே ரங்கசாமி மலை. தெளிவான நாளில் பவானிசாகர் நீரும் தெரியும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரம் மேகமாகி மேலே வந்துவிடும். பத்தரை மணிக்கு வருகிறவர்கள் பல நாள் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள். மேகம் மூடின பிறகும் உடனே வண்டி ஏறாதே. கால் மணி நேரம் உட்கார். காற்று திரும்பினால் ஒரு நிமிஷத்தில் விலகிவிடும்.

மூட்டமாக இருந்தால் சோலைக்குப் போங்கள். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர், நூற்றுப் பதினாறு ஹெக்டேர் போல எஞ்சியிருக்கிற காடு. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, வழிகாட்டும் காவலரோடுதான் போக வேண்டும். மரங்கள் உயரம் குறைவு, கிளையெல்லாம் பாசி. இளந்தளிர் செக்கச் செவேலென்று இருக்கும், பூ என்றே யாழினி நினைப்பாள். காலுக்குக் கீழே இலைச் சருகு மெத்தென்று கிடக்கும். அதைக் கொஞ்சம் விலக்கிக் கையை வைத்துப் பார்க்கச் சொல். வெயில் மாதத்திலும் அடியில் ஈரமாக இருக்கும். மழை நாளில் குடித்த தண்ணீரைப் பிடித்து வைத்து, மழை இல்லாத நாளில் ஓடையாக விடுவது அந்த மண்தான். சுற்றியிருக்கிற பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்து போகிறது. பேசாமல் நடந்தால் மலையணில் பார்க்கலாம், நீலகிரிச் சிரிப்பான் கத்துவதைக் கேட்கலாம். மழைக்காலமானால் அட்டை ஏறும். உப்பைக் கையில் வைத்துக்கொள்.

இரண்டில் எதற்குப் போனாலும் பதினொன்றுக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். கேத்தரின் அருவியும் சேர்க்கலாமே என்று தோன்றும். அரவேணுவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, முழு அருவியும் தெரிய வேண்டுமானால் குன்னூர்ப் பக்கம் டால்பின் மூக்குக்கே போக வேண்டும். வேண்டாம், அடுத்த முறைக்கு இருக்கட்டும். திரும்பிப் போக ஒரு காரணம் இருப்பது நல்லது.

சாப்பாட்டில் புதிதாக ஒன்று கேட்டுப் பார். படுகர் வீட்டுச் சமையல் கிடைத்தால் அவரையும் உருளையும் போட்ட குழம்பும் ராகிக் களியும் கேள். சூடாக, காரம் அளவாக இருக்கும். ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, டீயில் தோய்த்து யாழினி விரும்பிச் சாப்பிடுவாள். வாங்கி வர ஆசைப்பட்டால் தேன் வாங்கு. பாறையில் கூடு கட்டுகிற பெருந்தேனீயின் தேனைக் குறும்பரும் இருளரும் கயிறு கட்டி இறங்கி எடுப்பார்கள். கோத்தகிரியில் இருக்கிற கீஸ்டோன் அறக்கட்டளை பல வருடமாக அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. அங்கிருந்து வளர்ந்த லாஸ்ட் ஃபாரஸ்ட் கடையில் நம்பி வாங்கலாம். சாலை ஓரத்தில் மலைத்தேன் என்று சொல்லி விற்கிற எல்லாமும் தேன் இல்லை.

மார்கழி வாக்கில் போனால் ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கும். பேரகணிக் கோயிலுக்கு வெள்ளை உடுத்திக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். வேடிக்கையாக நினைத்து நடுவில் நுழைந்துவிடாதே. ஓரமாக நில், அவர்கள் அழைத்தால் மட்டும் உள்ளே போ.

போனைப் பற்றி ஒன்று. தோட்டத்துப் பக்கம் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது. வெள்ளிக்கிழமை மாலையே, திங்கள் மதியம் வரை கிடைக்கமாட்டேன் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடு. அவசரமென்றால் யாரைக் கேட்பது என்று ஒரு பெயரும் எழுது. லேப்டாப்பை வீட்டிலேயே வை. கொண்டுபோனால் திறப்பாய், திறந்தால் இரண்டு நாளும் உன்னுடையது இல்லை. அப்பா லேப்டாப்பை மூடிவிட்டு முழுசாக எதிரில் உட்கார்ந்திருப்பதை யாழினி நினைவில் வைத்துக்கொள்வாள். எந்த ஏரியில் படகு விட்டோம் என்பது அவளுக்கு நினைவிருக்காது.

மூட்டையில் அதிகம் வேண்டாம். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், குல்லா, வழுக்காத செருப்போ ஷூவோ, ஒரு டார்ச். அம்மாவின் மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக எடு. மலை வெயில் குளிரில் உறைக்காது, ஆனால் தோலைச் சுடும். யாழினிக்குத் தொப்பி போடு. உன் அம்மாவுக்கு மேட்டில் நடந்தால் மூச்சு வாங்கும். அந்த உயரத்தில் பயப்பட ஒன்றும் இல்லை, நின்று நின்று போனால் போதும். அவள் வேகத்துக்கு நீங்கள் நடங்கள். அவளுக்கு இணையாக நடக்கிற வேகம்தான் உனக்கும் இப்போது நல்லது.

ஞாயிறு நாலு மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கு. வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுப்பாளையம் வந்துவிட வேண்டும். ரயில் இரவு ஒன்பது இருபது வாக்கில்தான், அதுவரை நிதானமாகச் சாப்பிடலாம். நேரங்களைப் பயணச்சீட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள். திங்கட்கிழமை காலை ஆறரைக்குச் சென்னையில் இறங்கி ஒன்பதுக்கு அலுவலகம் ஓடினால், எடுத்த ஓய்வு அன்று மத்தியானமே தீர்ந்துவிடும். அரை நாள் விடுப்பு போடு. அந்த அரை நாளையும் பயணத்தின் பகுதியாகவே கணக்கில் வை.

வருஷத்துக்கு ஒருமுறை பெரிதாக ஊர் சுற்றுவதைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி இரண்டு நாள் அடங்கி இருந்துவிட்டு வருவது உன் மாதிரி வேலைக்காரர்களுக்குத் தேவை. கோத்தகிரிதான் என்றில்லை. ஏற்காடு, ஏலகிரி, வால்பாறை எங்கே போனாலும் கணக்கு ஒன்றுதான். தூக்கம் முதலில், கூட இருப்பவர்கள் அடுத்து, இடம் கடைசியில்.

இன்று ராத்திரியே அந்தப் பட்டியலை எடுத்து, ஏழில் ஐந்தையாவது அடித்துவிடு. தேன்மொழியையும் அம்மாவையும் உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேள். இதுவரை நீ அவர்களைக் கேட்டதாக உன் கடிதத்தில் இல்லை. தேதி முடிவானதும் எனக்குச் சொல். கன்னேரிமுக்குப் பக்கம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டில் இரண்டு அறை விடுகிறாள், படி குறைவு. அவளிடம் நானே பேசுகிறேன்.

எல்லோரும் நல்லபடியாகப் போய் வாருங்கள். குழந்தைக்கு என் முத்தம். தேன்மொழிக்கும் அம்மாவுக்கும் அன்பு.

உன் பெரியம்மா